சிறு குடும்பத்தில் வெள்ளாடு: விற்பது எது, வைப்பது எது?

ஆரணி என்றவுடன் யாவருக்கும் பட்டுப் புடவையே நினைவிற்கு வரும். தானிய வியாபாரத்தில் பழகியவர்களுக்கு அவ்வூரின் அரிசி ஆலைகளும் நினைவிற்கு வரலாம். வெள்ளாட்டின் பொருட்டு ஆரணியை நினைப்பவர் எவருமில்லை. ஆயினும் கமண்டல நாகநதியை அடுத்த கிராமங்களிலும், தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் முதலிய நெசவு ஊர்களின் பக்கத்திலும் காலை வேளையில் ஒருவர் நடந்து செல்வாராயின், தறியோசை கேட்கும் வீட்டின் புறக்கடையிலேயே இரண்டொரு வெள்ளாடுகள் கட்டியிருப்பதைக் காணக்கூடும். நிலமும் தறியும் ஒரே குடும்பத்தில் அமைந்துள்ள இவ்வட்டாரத்தில் மூன்றாவதாக நிற்பது ஆடு. முன்னிரண்டிற்கும் உள்ள மதிப்பு அதற்கு இல்லை. முன்னிரண்டும் கைவிடும் காலத்தில் கைகொடுப்பது மட்டும் அதுவே.

அத்தகைய வீடொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டின் செய்தியாகக் கூறப்படினும், பல வீடுகளில் நிகழ்வதைத் தொகுத்தே இங்குச் சொல்லப்படுகிறது. குடும்பத் தலைவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். கிணற்றுப் பாய்ச்சலில் அரை ஏக்கர் நெல். மிகுதி மானாவாரி மணிலாக் கடலை. மூத்த மகன் குழித்தறியில் கூலிக்கு நெய்கிறான். நூலும் சரிகையும் கொடுப்பவர் வேறொருவர். புடவை முடிந்து கைக்குப் போனபிறகே கூலி வரும். ஆடுகளைப் பார்ப்பவர் தலைவரின் தாயார். பெட்டைகள் நான்கு.

நான்கு என்பது சிறு தொகையன்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடுகள் வழங்கத் தொடங்கியபோதும் குடும்பத்திற்கு நான்கு என்றே வகுத்தது. வளர்ந்த ஆடொன்று நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ வரை பசுந்தழை தின்னும். நான்கு பெட்டைகளும் அவற்றின் குட்டிகளும் ஒரு வீட்டின் வேலியையும் வரப்பையும் கொண்டு பிழைக்கலாம். பத்து ஆடு ஆனால் பிறர் வேலியைக் கொண்டுதான் பிழைக்கும். அதன் பிறகு வழக்கு நடப்பது ஆட்டின்மேல் அன்று, ஆட்டின் உடையவர்மேல். 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தை இயற்றியவர்கள், மாடு எருமைகளோடு நில்லாமல், ஆட்டையும் அதன் குட்டியையும் பெயர் சொல்லியே 'கால்நடை' என்பதில் சேர்த்து வைத்தார்கள். பட்டியில் அடைபட்ட ஆட்டை மீட்கச் சென்று, உறவினரோடு பேச்சை முறித்துக்கொண்டு திரும்பியவர்களைக் கிராம அதிகாரிகள் நன்கு அறிவார்கள். நெசவுத் தெருவிலோ அபாயம் வேறு வகை. கஞ்சி தெளித்த பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டியிருக்கும் சமயம் கயிறு அவிழ்ந்த ஆடு ஒன்று அப்பக்கம் வருமாயின், தெருவில் உள்ளோர் அனைவரும் ஓடிவருவர்.

மேற்படி வீட்டில் பாட்டியார் விடிந்தவுடன் ஆடுகளை அவிழ்ப்பதில்லை. முதலில் கொட்டகையைப் பெருக்கிப் புழுக்கையை எருக்குழியில் சேர்க்கிறார். ஆட்டெருவில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து உண்டு. ஆட்டுக்கிடை மடக்குவதற்குப் பணம் கொடுக்கும் குடியானவர்கள் தம் வீட்டுப் புழுக்கையைத் தெருவோரம் கொட்டுவது விளங்காத காரியம். பனி உலர்ந்து புல்நுனி காய்ந்த பின்னரே மேய்ச்சலுக்கு விடுகிறார். காரணம் கேட்டால், 'பனிப்புல் ஆகாது' என்பார். அவர் வழக்கமாக அறிந்ததற்குச் சாத்திரக் காரணமும் உண்டு. ஆட்டின் வயிற்றில் தங்கி இரத்தம் உறிஞ்சும் புழுவின் இளம் பருவம், ஈரமுள்ள புல்லின்மேல் ஏறி நிற்கும். வெயில் ஏறியதும் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கும். காலை ஏழு மணிக்கு மேய்ந்த ஆடு தின்னும் புழு, பத்து மணிக்கு மேய்ந்ததைவிட மிகுதி. புழு மிகுந்த ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு மாறி வெளுத்திருக்கும். நோய் முற்றினால் தாடையின் கீழ் நீர் கோத்துப் பைபோல் தொங்கும்.

ஆடு எதையும் தின்னும் என்பது ஆட்டை வளர்க்காதவர் கூற்று. ஆடாதொடை என்றும் ஆடுதின்னாப்பாளை என்றும் இரண்டு செடிகளுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களே அதற்கு மறுமொழி. தரையில் விழுந்து மிதிபட்ட தழையை ஆடு முகர்ந்து பார்த்து விலகும். அதே தழையைக் கட்டாகக் கட்டித் தலையுயரத்தில் தொங்கவிட்டால் முன்னங்கால் தூக்கித் தின்னும். புல்லைவிடக் கொழுந்தும் இலையும் காயுமே அதற்கு விருப்பம். இவ்வீட்டில் வாய்க்கால் வரப்பில் அகத்தி நிற்கிறது. வேலியில் கிளுவையும் கிளைரிசிடியாவும். கிணற்றடியில் ஒரு கீற்று வேலிமசால். வேலிமசாலை விதைத்த தொண்ணூறாம் நாள் முதல் அறுப்பும், பிறகு நாற்பது நாளுக்கு ஒரு அறுப்புமாக எடுக்கலாம். சவுண்டல் தழையும் நல்லதே. ஆனால் தழைத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டால் மயிர் உதிரும்; ஆகவே அதைக் கலந்தே போட வேண்டும். இளஞ்சோளப் பயிரும் மரவள்ளி இலையும் வாடிய அரளியும் எந்த அளவிலும் ஆகா.

கடலை பறித்த காலத்தில் கொடியே பெருந்தீனி. நன்கு காய்ந்த கடலைக்கொடி கிடைக்கும் ஜில்லாவில் ஆடு மெலிந்திருந்தால் குற்றம் ஆட்டினுடையது அன்று. எனினும் ஐப்பசி மழையில் நனைந்து பூசணம் பூத்த கொடியையும் பிண்ணாக்கையும் ஆட்டிற்குப் போடுவதைவிட எருக்குழியில் போடுவது இலாபம். அப்பூசணத்தின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

பட்டு நெய்யும் வட்டாரமாதலின் முசுக்கொட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரணித் தறிகளுக்கு வேண்டிய பட்டு பெரும்பாலும் வெளியூர்களிலிருந்தே வருகிறது. எனினும் ஜில்லாவில் பட்டுப்புழு வளர்ப்போரும் உண்டு. புழு தின்று மிஞ்சிய முசுக்கொட்டைக் கிளையையும் இலையையும் ஆடு மிக விரும்பித் தின்னும். தீவனங்களுள் புரதம் மிகுந்தவற்றில் அவ்விலையும் ஒன்று. புழுப் படுக்கையில் சுண்ணாம்போ நோய்தடுப்புத் தூளோ தூவியிருந்தால் மட்டும் அதைத் தொடலாகாது. புழு வளர்க்காதவர்களும் வாய்க்காலோரம் பத்துப் பன்னிரண்டு முசுக்கொட்டைச் செடி வைத்துக் கவாத்துச் செய்துவந்தால் கோடையில் பயன்படும்.

நிற்க. தீனியைப் பற்றி அந்தப் பாட்டியாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்வீட்டின் குறை வேறிடத்தில் இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் தறிக்குழியில் நீர் ஊறும். பாவு நமுத்துத் தளரும், நெசவு நின்றுவிடும். பத்து நாள் தறி ஓடாவிட்டால் புடவை முடியாது; புடவை முடியாவிட்டால் கூலி இல்லை. வயலில் நடவுச் செலவு நிற்பதும், தீபாவளிச் செலவு வருவதும் அதே மாதம். அச்சமயத்தில் ஆட்டு வியாபாரி வாசலில் வந்து நிற்பான். வருஷந்தோறும் அவன் கண் எந்தக் குட்டியின்மேல் விழும் என்று சொல்லவேண்டுவதில்லை. நெஞ்சு அகன்று, கால் திரண்டு, உடன் பிறந்தவற்றைவிட முந்தி வளர்ந்த கிடாய்க்குட்டியே அவனுக்கு வேண்டும். அதற்கே அவன் நல்ல விலை சொல்வான். பணமுடையில் இருக்கும் குடும்பம் அதைக் கொடுத்துவிடும். சூம்பிய குட்டியை அவன் வேண்டாமென்பான். அது வீட்டிலேயே நிற்கும். காயடிக்காமல் நின்ற அச்சூம்பற் குட்டி நான்கைந்து மாதத்திலேயே தன் தாயையும் உடன்பிறந்த பெட்டைகளையும் சினைப்படுத்திவிடும். அடுத்த ஈற்றில் பிறப்பவை அதன் பிள்ளைகள்.

இவ்வாறு நான்கைந்து ஆண்டுகள் கழிந்தன. இரட்டைக்குட்டி ஈன்றுவந்த பெட்டையின் மகள் ஒற்றைக்குட்டி ஈன்றாள். ஆறு மாதத்தில் அடைந்த உடம்பை அடையப் பத்து மாதம் ஆயிற்று. சென்ற ஓர் ஐப்பசியில், மழையின் நடுவே பிறந்த மூன்று குட்டிகளில் இரண்டு இருமி இருமி இறந்தன. குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த மகனிடம் பாட்டியார் சொன்ன வார்த்தை இது: "நல்லதையெல்லாம் அவன் கொண்டுபோய்விட்டான், தம்பி. அவன் வேண்டாமென்று விட்டுப்போனதை வைத்து நாம் வமிசம் வளர்க்கிறோம்."

இதைவிடத் தெளிவாக இனவிருத்தி நூல்களும் சொல்லிவிடவில்லை. கெட்ட பெட்டை தன் குட்டியை மட்டும் கெடுக்கும். கெட்ட கிடாய் அவ்வருஷத்துக் குட்டிகள் அனைத்தையும் கெடுக்கும். நெல்லில் எவரும் இப்படிச் செய்வதில்லை. திரண்ட மணியை விதைக்கென்று கோட்டை கட்டி வைத்துவிட்டு மிகுதியைத்தான் ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆட்டில் மட்டும் விதையை விற்றுப் பதரை விதைப்பது எதனாலெனில், நெல்லுக்கு விதை எடுப்பது களத்தில், பணமுடை வருமுன். ஆட்டிற்கு முடிவு செய்வது மழை மாதத்தில், முடை வாசலில் நிற்கும்போது. ஆகவே விற்பது எது, வைப்பது எது என்பதைச் சித்திரையிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

அவ்வீட்டில் மறு ஆண்டு அவ்வாறே செய்தார்கள். வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ நூற்றைம்பது நாள். ஆவணி, புரட்டாசியில் கிடாய் சேர்த்தால் தை, மாசியில் ஈனும். குட்டிகள் மழையில் நனையாமல் பால்குடிக் காலத்தைக் கடக்கும். நான்கு பெட்டைக்குத் தனியே கிடாய் வளர்ப்பது வீண் செலவு. ஒரு கிடாய் இருபது, இருபத்தைந்து பெட்டைகளுக்குப் போதும். ஆகவே பக்கத்து மூன்று வீட்டாரோடு பேசி, ஆற்றுக்கு அக்கரை ஊரிலிருந்து உறவல்லாத ஒரு கிடாயைப் பொதுவில் வாங்கினார்கள். தீனி முறை வைத்துப் போடுவதென்றும், அதன் மகள்கள் பருவத்திற்கு வருமுன், இரண்டு ஆண்டில் அதை மாற்றிவிடுவதென்றும் ஏற்பாடு. முறை வைத்த தீனியில் இரண்டொரு நாள் பட்டினி விழுந்ததும், அதன்மேல் வார்த்தை வளர்ந்ததும் உண்மையே. பொதுக் கிணற்றிலும் அது நடப்பதுதான்.

தையில் நான்கு பெட்டைகளும் ஈன்று ஆறு குட்டிகள் பிறந்தன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டி, தொப்புளில் அயோடின் தடவினார்கள். சித்திரையில் பால் மறக்கடிக்கும் சமயம் ஆறையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். கிடாய் மூன்றில் இரட்டையில் பிறந்தும் முந்தி வளர்ந்த செவலைக்குட்டி ஒன்றை வைத்துக்கொள்வதென்றும், மற்ற இரண்டையும் கால்நடை மருந்தகத்தில் காயடித்து வளர்த்து ஐப்பசிக்கு விற்பதென்றும் முடிவாயிற்று. காயடித்த குட்டி தறுதலையாகத் திரியாது. தின்றது உடம்பில் சேரும். உறவில் இனஞ்சேரும் பயமும் இல்லை. பற்கள் தேய்ந்த கிழப்பெட்டை ஒன்றும் விற்பனைப் பட்டியலில் சேர்ந்தது.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஓநாயின் அழுகை பொய்யாயினும் ஆடு நனைவது அழத்தக்க காரியந்தான். வெயிலையும் பட்டினியையும் தாங்கும் வெள்ளாடு ஈரத்தைத் தாங்காது. இவ்வீட்டார் புரட்டாசிக்குள் கொட்டகையைத் திருத்தினார்கள். ஆடொன்றுக்குப் பத்துச் சதுர அடி வீதம் இடம் விட்டு, மூன்றடி உயரத்தில் மூங்கிற்சட்டப் பரண். சட்டங்களுக்கிடையே அரை அங்குல இடைவெளி. இடைவெளி அகன்றால் குட்டியின் குளம்பு சிக்கி ஒடியும். குறுகினால் புழுக்கை விழாது. கூரை பனையோலை. வாடைக்காற்று வரும் வடகிழக்குப் பக்கத்தை மட்டும் கோணிப்படுதாவால் மறைத்தார்கள். நாற்புறமும் அடைத்தால் மூத்திர நெடியே மார்ச்சளிக்கு வித்தாகும்.

மழைக்கு முன்னரே தடுப்பூசிகளும் இட்டாயிற்று. துள்ளுமாரி என்னும் நோய் மழைக்குப்பின் தளிர்த்த புல்லை வயிறு புடைக்கத் தின்ற ஆட்டைத் தாக்குவது. மாலையில் துள்ளி விளையாடிய குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும். அதுவும் மந்தையில் கொழுத்த குட்டியையே முதலில் கொண்டுபோகும். ஆட்டுக்கொல்லி நோயோ அதனினும் பெரியது. காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சீழ், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் என்று தொடர்ந்து சில நாளில் மந்தையையே காலி செய்யும். 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய், இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-இல், இதே தமிழ்நாட்டில், விழுப்புரத்தைச் சேர்ந்த அரசூர் கிராமத்தில். அங்குப் பிரித்தெடுத்த கிருமியைக் கொண்டே தடுப்பூசிகளில் ஒன்று ஆக்கப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. நான்கு மாதத்திற்கு மேற்பட்ட குட்டிக்கு ஒருமுறை இட்டால் மூன்று ஆண்டு காக்கும். மாட்டுக்கு வந்த வெக்கை நோய் உலகிலேயே இல்லையென்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதன் இனமாகிய இந்த ஆட்டுநோயையும் 2030-க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் நோக்கம். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. நான்கு ஆடு உடையவர் எவரும் தம் ஆட்டிற்கு ஊசி வேண்டாமென்று விட்டுவிட்டால் அந்நோக்கம் கைகூடாது. ஊசி போடும் நாளை ஒலிபெருக்கியில் முன்னாளே தெரிவிப்பது கிராம அதிகாரிகள் எளிதிற் செய்யத்தக்க உதவி. ஆடுகள் மேய்ச்சலுக்குப் போன பிறகு வைத்தியர் வந்து திரும்புவது பல ஊர்களிலும் நடக்கிறது.

ஐப்பசி வந்தது; மழையும் வந்தது; தறிக்குழியில் நீரும் ஊறியது. வியாபாரி வந்து கொட்டகைக்குள் நுழைந்து நேரே செவலையின் முதுகில் கைவைத்தான். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து அவன் சொன்ன விலை குறைந்ததன்று. மகன் தாயின் முகத்தைப் பார்த்தார்; பேரன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். ஆறு நாளாகத் தறி ஏறாதவன் அவன்.

"அம்மா, கையில் பணம் வைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றான் வியாபாரி.

"அது விலைக்கில்லை, தம்பி. அந்த இரண்டையும் பாருங்கள்; கிழத்தையும் பாருங்கள்" என்றார் பாட்டியார்.

வியாபாரி காயடித்த குட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிப் பார்த்து, உயிரெடை பதினைந்து கிலோ தேறும் என்றான். தராசு இல்லாத வீட்டில் அவன் கையே தராசு. அதனால் நஷ்டமடைந்தவர் பலர். பேரனோ உள்ளே சென்று புடவை அளக்கும் அங்குல நாடாவைக் கொண்டுவந்தான். முன்னங்காலுக்குப் பின்னே மார்பின் சுற்றளவு இருபத்துநான்கு அங்குலம். தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் இருபத்திரண்டு அங்குலம். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, முந்நூறால் வகுத்தால் வருவது இராத்தல் கணக்கில் உயிரெடை. இங்கு நாற்பத்திரண்டு இராத்தல், அஃதாவது பத்தொன்பது கிலோ. இக்கணக்கு ஏறத்தாழச் சரியானதே. ஓரிரண்டு கிலோ முன்பின் இருக்கலாம். ஆயினும் நான்கு கிலோ முன்பின் ஆகாது. உயிரெடையில் பாதிக்குச் சற்றுக் குறையக் கறி தேறும் என்று வைத்தாலும், ஒரு குட்டியில் ஏறக்குறைய இரண்டு கிலோ கறிக்கு வியாபாரி விலை கொடாமல் போக இருந்தான். அவன் சிரித்துக்கொண்டே, 'நெசவுக்காரப் பிள்ளை கணக்குச் சொல்கிறது' என்று பதினெட்டுக்கு ஒப்புக்கொண்டான்.

இரண்டு குட்டியும் கிழப்பெட்டையும் போன பணம், செவலையை விற்றிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகையைவிடக் குறைவுதான். நடவுக்கூலி கொடுக்கப்பட்டது, தீபாவளித் துணியில் ஒருவருக்குத் துணி நின்றுபோயிற்று. அந்த ஒருவர் குடும்பத் தலைவரின் மனைவி. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் செவலைக்குத் தழை கட்டும்போது, 'உனக்காக என் புடவை போயிற்று' என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பதை அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள். பட்டு நெய்யும் வீட்டில் இப்படி ஒரு வார்த்தை.

கார்த்திகையில் மழை விட்டது. தறிக்குழியை இறைத்து, சாம்பல் கொட்டி, உலரவைத்து மீண்டும் தறி ஏற்றினார்கள். செவலைக்கு ஒரு வயது நிறையும் வரை பெட்டைகளோடு விடுவதில்லை என்று அதைத் தனியே கட்டியிருக்கிறார்கள். பொதுக் கிடாயை மாற்றும் தவணை வரும்போது இதை அக்கரை ஊராருக்குக் கொடுத்து, அவர்கள் வீட்டில் வளர்ந்த ஒன்றை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. இவ்வீட்டில் பிறந்தது இவ்வீட்டுப் பெட்டைகளுக்கு ஆகாதல்லவா? அக்கரையார் இப்பொழுதே இருமுறை வந்து பார்த்துப் போய்விட்டார்கள். சென்ற முறை வந்தவர் அதன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாட்டியாரிடம், சித்திரையில் எதைப் பார்த்து இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டார். பாட்டியார் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, தாயாட்டின் மடியிலிருந்து தொடங்கினார்.